ஆண்டவருக்குச் சித்தமானா

என் வீட்டுக்காரர் வாயில 'நாளைக்கு'ங்கிற சொல் தனியா வந்து நான் கேட்டதே இல்ல. கூடவே ஒரு வால் வரும். "நாளைக்குக் குப்பை லோரி வருமாங்க?"ன்னு கேட்டா, "ஆண்டவருக்குச் சித்தமானா வரும்"பாரு. குப்பை லோரி வர்றதுக்கும் ஆண்டவருக்கும் என்னய்யா சம்பந்தம், அது கவுன்சில்காரன் சித்தம்னு நான் கத்துவேன். "ராத்திரிக்குத் தோசை ஊத்தட்டுமா?"ன்னா அதுக்கும் அதே பதில். "ஆண்டவருக்குச் சித்தம்தாங்க, மாவுக்குத்தான் இன்னும் சித்தமாகல, புளிக்கவே இல்ல"ன்னு ஒரு நாள் சொன்னேன். கோவிச்சுக்க மாட்டாரு மனுசன். சிரிச்சுக்கிட்டே பேப்பரைத் திருப்புவாரு. கோவமெல்லாம் மொத்தமா என்கிட்டதான் குடுத்து வச்சிருக்கு.

எனக்கு இந்த இழுவைப் பேச்சு ஆகவே ஆகாது. அதுக்குக் காரணம் என் வேலை. ஈப்போ டவுன்ல ஒரு பல் கிளினிக்ல கவுண்டர்ல உக்காந்திருக்கேன். சாயங்காலமானா மறுநாளைக்கு வரவேண்டியவங்களுக்கு ஒவ்வொருத்தரா போன் அடிச்சு, "நாளைக்கு வாரீங்கதானே?"ன்னு கேக்கணும். பல்லைப் புடுங்கப் போறாங்கன்னு தெரிஞ்சா எவன் நேரா பதில் சொல்லுவான்? சீன அங்கிள் "ஸீ ஹவ் லா"ம்பாரு. மலாய்க்கார அம்மா "தெங்கோ டுலு"ம்பாங்க. நம்ம ஆளு "பாக்கலாம்மா"ம்பாரு. மூணு பாஷைக்கும் அர்த்தம் ஒண்ணுதான்: வர மாட்டேன். நான் அந்த இடத்துல பென்சிலால ஒரு கோடு போட்டுட்டு அடுத்த ஆளுக்குக் குடுத்துருவேன். இன்னிக்கு வரைக்கும் அந்தக் கோடு தப்பினது ரொம்பக் கம்மி.

எங்க சபையிலயும் இந்தக் கதைதான். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு சாப்பாடு போடணும், கைக்கு ஆள் வேணும்னு கேட்டா, "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன் சிஸ்டர்"னு சொல்லுவாங்க. வெங்காயம் உரிக்க எதுக்கு ஜெபம்? மாட்டேன்னு சொல்ல வாய் வராம ஆண்டவரைப் புடிச்சு முன்னால நிறுத்துறாங்க. நானும் மனசுக்குள்ளயே பென்சிலால கோடு போட்டுக்குவேன்.

ஆனா இவர் அந்த ரகம் இல்ல. அதை நானே சொல்லணும், இல்லாட்டி பாவம். இவர் அதை நெசமாவே சொன்னாரு. அதுதான் பின்னால பெரிய வம்பா வந்து நின்னுச்சு.

எங்களுக்குக் கல்யாணமான காலத்துல இருந்து ரிட்டையர் ஆகுற வரைக்கும் இவருக்கு லோரி ஓட்டுற வேலை. கேமரன் மலையில இருந்து கோசும் தக்காளியும் ஏத்திக்கிட்டு தாப்பா வழியா இறங்கி ஈப்போ மார்க்கெட்டுக்குக் கொண்டாந்து போடணும். ஒரு தடவை காலையில கிளம்பும்போது, "மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவேன், மீன் குழம்பு வை"ன்னு அடிச்சுச் சொல்லிட்டுப் போனாரு. அன்னிக்கு மலையில பேய் மழை. இவருக்கு முன்னால போன வண்டிக்கும் முன்னால மண்ணு சரிஞ்சு ரோடே காணோம். மறுநாள் காலையிலதான் வீட்டுக்கு வந்தாரு, சட்டையெல்லாம் சேறு. அந்தக் குழம்பை உக்காந்து ருசிச்சுச் சாப்பிட்டாரு. சாப்பிட்டுட்டு, "வந்துருவேன்னு நான் யாரைக் கேட்டுச் சொன்னேன்?"னு தனக்குத்தானே கேட்டுக்கிட்டாரு. வால் அன்னிக்கு முளைச்சதுதான்.

இன்னொரு கூத்தும் நடந்துச்சு. வெளியூர்ல இருந்து ஒரு பாஸ்டர் வந்து எங்க சபையில தேவ பயத்தைப் பத்திப் பிரசங்கம் பண்ணினாரு. நடுவுல, "ஆண்டவருக்குப் பயப்படுறதுன்னா என்னன்னு யாராச்சும் சொல்லுங்க பாப்போம்"னாரு. சபையில வாயே தொறக்காத என் வீட்டுக்காரர் எந்திரிச்சு நின்னு, "ரெண்டாம் கியர்ல இறங்குறதுங்க பாஸ்டர்"னாரு. சபை முழுக்கச் சிரிப்பு. பாஸ்டருக்கு ஒண்ணும் புரியல, "பிரைஸ் த லார்ட்"னு சொல்லிச் சமாளிச்சாரு. எனக்கு எங்கேயாச்சும் போய் ஒளிஞ்சுக்கலாம்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்து, "ஏங்க, மானத்தை வாங்குறீங்க"ன்னு நான் குதிச்சப்பதான் விளக்கம் சொன்னாரு. "பயந்து நடுங்குறவனால மலையில லோரி ஓட்ட முடியாது. பயமே இல்லாதவன்கிட்ட சாவியே குடுக்கக் கூடாது. மலை பெரிசு, நான் சின்னவன்னு தெரிஞ்சுக்கிட்டு நிதானமா இறங்கணும். அவ்வளவுதான் நான் சொன்னது."

அதைக் கேட்டப்புறம் எனக்குச் சிரிப்பு வரல. இவரோட அந்த வால் மேல இருந்த எரிச்சல் மட்டும் போகல. மதிப்பு வேற, எரிச்சல் வேற. குடும்பம் நடத்துறவங்களுக்கு இது தெரியும்.

எங்களுக்கு ஒரே பொண்ணு. பாலர் பள்ளியில டீச்சர். வாய் என்னை மாதிரி, மனசு அவங்கப்பா மாதிரி. அவ ஒரு பையனை விரும்பினா. ஈப்போவுல பேக்டரியில டெக்னிஷியன், எங்க சபைக்குத்தான் வாரான், கடைசி பெஞ்சுல உக்காருவான், சாப்பாடு முடிஞ்சா கேக்காமலே நாற்காலியெல்லாம் அடுக்கி வைப்பான். எனக்கு அந்த நாற்காலியிலயே புடிச்சுப் போச்சு. சொந்த ஊரு ஹுத்தான் மெலிந்தாங். அவங்கப்பாவுக்குக் கடல்ல மீன் புடிக்கிற வேலை, சொந்தப் போட் வச்சிருக்காரு. அவர் சாமி கும்பிடுறவர். அம்மா எங்களை மாதிரி வேதக்காரங்க, பையனைச் சின்னதுல இருந்து சபைக்குக் கூட்டிட்டுப் போய் வளர்த்தவங்க. அவங்க தவறிப் போயி சில வருஷம் ஆச்சு. இப்ப வீட்டுல அப்பனும் மகனும்தான். மகனும் இங்க ஈப்போவுல ரூம் எடுத்துத் தங்கியிருக்கான்.

பொண்ணு கேட்டு அவங்க வந்தது ஒரு சனிக்கிழமை. பையன், அவங்கப்பா, ஒரு அத்தை. சம்பந்தம் பேச வாரவங்க பழமும் பூவும் கொண்டு வருவாங்க. இந்த மனுசன் அதோட ஒரு பெரிய ஐஸ் பெட்டியையும் தூக்கிக்கிட்டு வந்தாரு. தொறந்தா எறால், ஒவ்வொண்ணும் என் கை நீளம். "எங்க ஊர்ல இதுதான் தங்கச்சி பூவு"ன்னாரு. எனக்கு அப்பவே மனசு நெறைஞ்சு போச்சு. குனோங் ராபாட்ல எங்க வரிசை வீடு சின்னது, எல்லாரும் முட்டி இடிக்கத்தான் உக்காரணும். இடிச்சுக்கிட்டே நல்லாப் பேசினாங்க. ஒருத்தரு மலையைப் பத்திச் சொன்னா, ஒருத்தரு கடலைப் பத்திச் சொன்னாரு. காத்து எப்ப திரும்பும், எப்ப வலையைச் சுருட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துரணும்னு அவர் சொல்ல, இவர் முன்னால சாஞ்சு ஆர்வமாக் கேட்டாரு. நான் அடுக்களையில கறி பஃப் எடுத்து வச்சுக்கிட்டே பொண்ணைப் பார்த்துக் கண்ணடிச்சேன். அவ முகமெல்லாம் சிரிப்பு.

அப்பதான் பையனோட அப்பா தொண்டையைச் செருமிக்கிட்டு, கையைக் கூப்புன மாதிரி வச்சுக்கிட்டு, "அண்ணே, என் பையனுக்கு உங்க பொண்ணைக் குடுக்கச் சம்மதமா?"ன்னாரு.

என் வீட்டுக்காரர் நிமிந்து உக்காந்தாரு. முகத்துல அவ்வளவு சந்தோசம். நல்ல கணீர்னு, "ஆண்டவருக்குச் சித்தமானா நடக்கும்ணே"ன்னாரு.

அடப்பாவி மனுசா! நான் உடனே உள்ள நுழைஞ்சு ஏதாச்சும் சொல்லியிருக்கணும். பெரியவங்க பேசும்போது குறுக்க பாயக் கூடாதுன்னு நின்னுட்டேன். வாழ்க்கையில நான் வாயை மூடிக்கிட்டு இருந்த ஒரே நேரம், அதுவும் தப்பான நேரம்.

பையனோட அப்பா முகத்துல இருந்த வெளிச்சம் அப்படியே வடிஞ்சு போச்சு. கோவமெல்லாம் இல்ல. "சரிங்கண்ணே"ன்னு மெதுவாச் சொன்னாரு. பால் ஊத்தாத தே ஓ டீயைக் குடிச்சு முடிச்சாரு. வீட்டைச் சுத்திப் பார்த்து, "பின்னால மலை அழகா இருக்கு"ன்னாரு. அத்தையைப் பார்த்துத் தலையசைச்சாரு, எந்திரிச்சாங்க. வாசல்ல என்னைப் பார்த்து, "நல்லா இருங்க தங்கச்சி"ன்னாரு. போயிட்டு வாரேன்னு சொல்லல. இவர் என்னடான்னா கேட்டுக்கு வெளிய நின்னு கார் திரும்புற வரைக்கும் கையாட்டிக்கிட்டு இருக்காரு. உள்ள வந்து, "தங்கமான மனுசன், நல்லபடியா முடிஞ்சுச்சு"ன்னு சொல்லி ஒரு கறி பஃப்பை எடுத்துக் கடிச்சாரு.

அன்னிக்குச் சாயங்காலமே பையன்கிட்ட இருந்து எங்க பொண்ணுக்குச் செய்தி வந்துச்சு. 'உங்கப்பாவுக்கு இஷ்டம் இல்லன்னு அப்பா சொல்றாரு. மரியாதையாச் சொல்லி அனுப்பிட்டாராம். அவர் மேல தப்பில்லங்கிறாரு.' அதைப் படிச்சுட்டு எங்க பொண்ணு போனை சோபாவுல போட்டா. அவங்கப்பாவைப் பார்த்து, "என்னப்பா சொன்னீங்க?"ன்னா.

"சம்மதம்னு சொன்னேன்."

"எங்கப்பா சொன்னீங்க? ஆண்டவருக்குச் சித்தமானான்னுதானே சொன்னீங்க?"

"அதுக்கு அதுதானே அர்த்தம்?"

"அப்பா, இந்த ஊர்ல அதுக்கு இல்லன்னு அர்த்தம்ப்பா! அவங்க வேற சாமி கும்பிடுறவங்க. உங்க ஆண்டவர் சம்மதிக்கலன்னு கதவைச் சாத்துனதா நெனச்சுட்டாரு!"

இவர் சாப்புட்டுக்கிட்டு இருந்த இன்னொரு கறி பஃப்பை அப்படியே தட்டுல வச்சுட்டாரு. நான் சண்டைக்குத் தயாரா நின்னேன். ஆனா இவர் முகத்தைப் பார்த்ததும் சண்டையே மறந்து போச்சு. பொண்ணு திட்டினதுக்கு அவருக்கு வருத்தமில்ல. "ஆண்டவர் பேரைச் சொன்னா இல்லன்னு அர்த்தமா?"ன்னு ரொம்பச் சின்னக் குரல்ல கேட்டாரு.

போன் பண்ணிச் சொல்லிட்டா முடிஞ்சுதேன்னுதான் நானும் நெனச்சேன். பையன் தன் அப்பாகிட்ட எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தான். "நீ ஆசையில பேசுற. அந்தப் பெரிய மனுசன் வாயால வந்ததை நான் காதால கேட்டேன்"னு சொல்லிட்டாரு. இவர் அடிச்ச போனையும் அவர் எடுக்கல. கடல்ல இருந்தாரோ, எடுக்க மனசில்லையோ. இதுக்கு நடுவுல அந்த அத்தை தெலுக் இந்தான்ல ஒரு பொண்ணு இருக்குன்னு பேச்சை ஆரம்பிச்சுட்டாங்க. பையன் தவிச்சான். அம்மா இல்லாத வீட்டுல அப்பாவை மீறி ஒண்ணும் செய்ய மாட்டான், அது எங்க பொண்ணுக்கும் தெரியும். "அவரை மீறி வந்தா அவனை எனக்கே புடிக்காதும்மா"ன்னு சொல்லிட்டு ரூமுக்குள்ள போயி அழுதா. தேடிக் கெடைச்ச புள்ளையை ஒரு வார்த்தையில தொலைக்கப் போறோமேன்னு பிரீசரைத் தொறந்து தொறந்து மூடினேன். அந்த எறாலை ஆக்கவும் மனசு வரல, தூக்கிப் போடவும் மனசு வரல, பிரீசர்ல கெடந்துச்சு.

"நேர்ல போலாம்"னு நான்தான் சொன்னேன். என் நாத்தனார் உடனே, "பொண்ணு வீட்டுக்காரங்க தேடிக்கிட்டுப் போறதா? நல்லா இருக்கே கதை! கௌரவம் என்னாகிறது?"ன்னாங்க. "கௌரவத்தை நீங்க பத்திரமா வச்சிருங்க அண்ணி, நாங்க வந்து வாங்கிக்கிறோம்"னு சொல்லிட்டுக் கிளம்பிட்டேன். பொண்ணு வரல. வந்தா அங்கேயே அழுதுருவேன்னுட்டா.

கார்ல உக்காந்ததும் இவர் எப்பவும் போலச் சாவியைத் திருப்புறதுக்கு முன்னால கண்ணை மூடி ஜெபம் பண்ணினாரு. சபைத் தலைவர் முதல் பக்கத்து வீட்டுப் பூனை வரைக்கும் அந்த ஜெபத்துல வரும். முடிச்சுட்டு வண்டியை எடுத்துக்கிட்டே, "ஆண்டவருக்குச் சித்தமானா பதினோரு மணிக்குள்ள போய்ச் சேந்துரலாம்"னாரு.

அவ்வளவுதான், எனக்கு வெடிச்சிருச்சு.

"ஏங்க, இன்னிக்கும் அதைச் சொல்றீங்களா? நம்ம பொண்ணு வாழ்க்கையையே அந்த வார்த்தை தூக்கிச் சாப்புட்டுச்சு!"

"பொய் சொல்லச் சொல்றியா? நாளைக்கு நடக்கிறது என் கையிலயா இருக்கு?"

"நாளைதாங்க ஆண்டவருது. வாய் உங்களுதுதானே?"

நான் அதோட விடல. "உங்களுக்கு சம்மதமான்னுதான் அவர் கேட்டாரு. ஆண்டவருக்கு சம்மதமான்னு கேக்கல. ஆண்டவர்கிட்ட கேக்கணும்னா அவருக்கே கோயில் இருக்கு, கும்புட்டுக் கேட்டுக்குவாரு. உங்க மனசு என்னன்னு தெரிஞ்சுக்கத்தானே அவ்வளவு தூரம் எறாலைத் தூக்கிக்கிட்டு வந்தாரு?"

"நான் ஆண்டவருக்கு முன்னாடி ஓட முடியாதும்மா."

"முன்னாடி ஓட வேணாம். பின்னாடி ஒளியாம இருந்தாப் போதும். ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்லன்னு பேசச் சொல்லி அதே வேதத்துல இருக்குதா இல்லையா?"

இருக்குன்னு அவருக்குத் தெரியும். என்னை விட நல்லாத் தெரியும். பீடோர் தாண்டி, ரெண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம் வர்ற வரைக்கும் ஸ்டேரிங்கை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, கேமரன்ல இறங்குற மாதிரி மெதுவா ஓட்டினாரு. பின்னால வந்தவனெல்லாம் ஹாரன் அடிச்சான். எனக்கும் கொஞ்சம் பாவமாப் போயி, பையில இருந்த முறுக்கை எடுத்து நீட்டுனேன். வாங்கிக்கிட்டாரு. சண்டை எங்க வீட்டுல இந்த அளவுக்குத்தான் போகும்.

ஹுத்தான் மெலிந்தாங்ல ஆத்தோரமாப் பலகை வீடு அவங்களுது. அவர் வாசல்ல உக்காந்து வலையில சிக்கியிருந்த குப்பையை எடுத்துக்கிட்டு இருந்தாரு. எங்களைப் பார்த்ததும் திடுக்குன்னு எந்திரிச்சாரு. தோள்ல கெடந்த துண்டை எடுத்து நாற்காலியைத் தொடச்சாரு. "வாங்கண்ணே, வாங்க தங்கச்சி"ன்னு சொன்னாரே தவிர எதுக்கு வந்தீங்கன்னு கேக்கல. அவரே உள்ள போயி மைலோ கலக்கிக் கொண்டாந்தாரு. சீனி அள்ளிப் போட்டிருந்தாரு, பொம்பள இல்லாத வீடுன்னு ஒரு வாயிலயே தெரிஞ்சுச்சு. காத்து, மழை, டீசல் வெலை எல்லாம் பேசினாங்க. பேச வேண்டியதை ரெண்டு பேரும் தொடவே இல்ல. நான் மேசைக்குக் கீழ இவர் காலை மிதிச்சேன்.

"அண்ணே"ன்னு ஆரம்பிச்சாரு இவர். "அன்னிக்கு நான் சொன்னதை நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். நான் மறுத்துச் சொல்லல."

அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"தெரியும்ணே. பையன் சொன்னான். வேதக்காரங்க அப்படித்தான் பேசுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? இந்த வீட்டுலயே ஒருத்தி இருந்தாளே." சொவத்துல மாட்டியிருந்த போட்டோவைக் காட்டினாரு. பொட்டு இல்லாத நெத்தி, நல்ல சிரிச்ச முகம். "ஆஸ்பத்திரியில ஆப்பரேஷனுக்கு உள்ள தள்ளிக்கிட்டுப் போறப்ப, எப்ப வீட்டுக்கு வருவேன்னு கேட்டேன். ஆண்டவருக்குச் சித்தமானா வெள்ளிக்கிழமை வந்துருவேன்னு சொன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. நான் வெள்ளிக்கிழமைக்கு வீடெல்லாம் கழுவி வச்சேன்."

துண்டை எடுத்துப் போட்டோ கண்ணாடியைத் தொடச்சாரு.

"உங்க ஆண்டவர் மேல எனக்குக் கோவமில்லண்ணே. அவ கும்புட்ட சாமி, நான் தப்பாப் பேச மாட்டேன். ஆனா அந்த வார்த்தை காதுல விழுந்தா எனக்கு 'வர மாட்டேன்'னுதான் கேக்குது. அன்னிக்கு உங்க வீட்டுல நீங்க சிரிச்ச முகத்தோட அதைச் சொன்னதும், எனக்கு இந்தக் கல்யாணம் நடக்காதுன்னு தோணிப் போச்சு. அதுக்கப்புறம் அங்க உக்கார முடியல. பையன்கிட்ட எப்படி இதைச் சொல்றது? அதான் உங்களுக்கு இஷ்டமில்லன்னு சொல்லிட்டேன்."

நானும் என் கிளினிக் கணக்கும்! வர மாட்டேன்னு சொல்ற ஆளுங்களுக்குக் கோடு போட்டே பழகின எனக்கு, வர்றேன்னு சொல்லிட்டு வர முடியாமப் போனவங்க இருப்பாங்கன்னு தோணவே இல்லையே. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு. மைலோவை மடக்கு மடக்குன்னு குடிச்சேன்.

என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் இப்ப ஏதாச்சும் வசனம் எடுத்து ஆறுதல் சொல்ல ஆரம்பிச்சுருவாரோன்னு எனக்குப் பயம். இவர் அந்தப் போட்டோவையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரா, முட்டி இடிக்கிற மாதிரி போட்டு உக்காந்தாரு.

"அண்ணே, அன்னிக்கு என்கிட்ட ஒண்ணு கேட்டீங்களே, அதை மறுபடி ஒரு தடவை கேளுங்க."

அவர் நிமிந்து பார்த்தாரு. கேக்கலாமா வேணாமான்னு தயங்கினாரு. துண்டால முகத்தைத் தொடச்சுக்கிட்டு, "என் பையனுக்கு உங்க பொண்ணைக் குடுக்கச் சம்மதமா?"ன்னாரு.

என் வீட்டுக்காரர் வாயைத் தொறந்தாரு.

"ஆ..."

என் உயிரே போச்சு. ஆண்டவருக்கும் 'ஆ'தானே முன்னால வரும்! இத்தனை வருஷமா அந்த எழுத்துல தொடங்கி வேற எதுவும் அந்த வாயில வந்ததில்ல. இவர் முட்டியை ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டாரு. மலையில பிரேக் புடிக்காம ஒரு தடவை லோரியை மண்மேட்டுல சாத்தி நிறுத்துனப்பக் கூட ஸ்டேரிங்கை இப்படிப் புடிச்சிருக்க மாட்டாரு. இவர் எதுக்குப் பயப்படுறாருன்னு எனக்கு அப்பதான் உறைச்சுச்சு. எங்க பொண்ணு ஆண்டவர் எங்களுக்குத் தந்த புள்ளை. தந்தவரைக் கேக்காம ஒரு பொருளை எடுத்துக் குடுக்கிற மாதிரி இவருக்கு இருந்திருக்கு. நான் மனசுக்குள்ளயே, 'ஆண்டவரே, ஒரே ஒரு தடவை, உங்க பேரு இல்லாம இந்த மனுசனைப் பேச வைங்க'ன்னு வேண்டிக்கிட்டேன். இப்படி ஒரு ஜெபத்தை ஆண்டவரும் யார் வாயில இருந்தும் கேட்டிருக்க மாட்டாரு.

"...மா"ன்னாரு. "ஆமாண்ணே. சம்மதம்."

நிறுத்திட்டாரு. நெசமாவே நிறுத்திட்டாரு. வாயை இறுக்கி மூடிக்கிட்டாரு, உள்ள இருந்து வேற எதுவும் தப்பிச்சு வந்துரக் கூடாதுங்கிற மாதிரி.

அவர் இவரோட ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாரு. "சம்பந்தி"ன்னாரு. புடிச்ச கையை விடாம ரெண்டு பேரும் அப்படியே உக்காந்திருந்தாங்க. இந்த ஆம்பளைங்க இப்படித்தான், சந்தோசம் வந்தா ஊமையாகிருவாங்க. நான்தான் எந்திரிச்சு, "சரி சரி, மத்தியானம் ஆகுது, அடுக்களை எங்க இருக்கு? இந்த வீட்டுல மொதல்ல யாராச்சும் ஒழுங்கா ஒரு குழம்பு வைக்கணும்"னேன். அவர் சிரிச்சாரு. கண்ணைத் தொடச்சுக்கிட்டே சிரிச்சாரு. அன்னிக்குக் காலையில புடிச்ச மீன் இருந்துச்சு, புளியும் மொளகாயும் இருந்துச்சு. மூணு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம். போட்டோவுக்கு முன்னாலயும் அவர் ஒரு தட்டு வச்சாரு. வேதக்காரங்க வீட்டுல அது பழக்கமில்ல. என் வீட்டுக்காரர் தட்டுல கொஞ்சம் குழம்பு கம்மியா இருக்குன்னு மட்டும் சொன்னாரு.

கிளம்பும்போது, "போயிட்டு வாங்க சம்பந்தி"ன்னு சொல்லிக்கிட்டே வாசல் கேட் வரைக்கும் வந்தாரு. நாங்க கார்ல உக்காந்தோம். இவர் சாவியைத் திருப்புறதுக்கு முன்னால கண்ணை மூடினாரு. எனக்குப் பொறுமை இல்ல, பொண்ணு அங்க உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு இருப்பா. எப்படியும் பூனை வரைக்கும் போகும்னு போனைக் கையில வச்சுக்கிட்டுக் காத்திருந்தேன்.

"ஆண்டவரே, நான் சொல்லிட்டேன். இனிமே நீங்க பாத்துக்கங்க. ஆமென்."

அவ்வளவுதான் ஜெபம். வண்டியை எடுத்துட்டாரு. எனக்கு ஆமென் சொல்லவே நேரம் பத்தல.

போன் ஒரு தடவை அடிக்கிறதுக்குள்ள எடுத்துட்டா.

"என்னம்மா ஆச்சு? அப்பா என்ன சொன்னாரு?"

"ஆமான்னு சொன்னாரு."

"அதுக்கு முன்னாடி என்ன சொன்னாரு?"

"முன்னாடி ஒண்ணும் சொல்லல."

"அப்ப பின்னாடி?"

"பின்னாடியும் ஒண்ணுமில்லடி. வெறும் ஆமா."

அவ்வளவுதான், அவ அழ ஆரம்பிச்சா. போனை நான் ஸ்பீக்கர்ல போடவே இல்ல, ஆனா அந்த அழுகை ஸ்டேரிங்கைப் புடிச்சுக்கிட்டு இருந்த அவருக்கு நல்லாவே கேட்டுச்சு.